துவைக்கிற கல்லடி மண்

1. செல்போனில் இருந்த குரல்

பேச்சு வராத குழந்தைகளைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. திருவள்ளூரில் சிறு குழந்தைகளுக்கான ஒரு பயிற்சி மையத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் அபியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அபிக்கு அப்போது இரண்டரை வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து அவள் அம்மா ஸ்டெல்லா பஸ் மாறி மாறி அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. பொம்மையை வாங்கிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை.

"எப்போலேருந்து பேசல?" என்று கேட்டேன்.

"நல்லா பேசிக்கினு இருந்துச்சி மேடம். ஊட்ல சொன்னா யாரும் நம்ப மாட்றாங்கோ. நீங்களே பாருங்கோ" என்று செல்போனை நீட்டினாள்.

வீடியோவில் அதே குழந்தை. பல மாதங்களுக்கு முன் எடுத்தது. "நைனா வா, மம்மு தா" என்று கையை ஆட்டி ஆட்டி அப்பாவை அதட்டுகிறது. திரும்பி, மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தேன்.

காது டெஸ்ட் எடுத்தோம், குறையில்லை. என்னோடு வேலை செய்த பெண் "ஆட்டிசமா இருக்குமோ?" என்று கேட்டாள். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது ரத்தமே இல்லாதது போல வெளுத்துக் கிடந்தது.

"சாப்பாடு என்ன கொடுக்கிற?"

"பாலும் பிஸ்கட்டும்தான் மேடம். சோறு வெச்சா துப்பிடுது. அடிக்கடி வயித்தைப் புடிச்சிக்கினு அழுவுது, வெளிக்கியும் ஒழுங்கா போவறதில்ல."

ரத்தம் எடுத்துப் பார்த்த மையத்தின் டாக்டர் இரும்புச்சத்து மருந்து எழுதினார். மூளை வேகமாக வளர்கிற வயதில் இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் பேச்சும் அடிபடும் என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. மருந்து கொடுத்தால் தேறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

தேறவில்லை. வயிற்று வலி இன்னும் அதிகமானது. "ஒருவாட்டி வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர்.

2. கல்லடியில்

வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள். பின்பக்கம் துவைக்கிற கல். அபி அதன் அடியில் குந்தியிருந்தாள். விரலால் மண்ணைக் கிளறி, நக்கி, மறுபடியும் கிளறினாள். யாரோ சோறு போட்டது போல அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டாள்.

"அய்யோ, மண்ணைத் தின்னுறாளே!"

"எப்பவும் இப்டித்தான் மேடம். செவுத்தையும் நக்கும். அடிச்சும் பாத்துட்டேன்" என்றாள் ஸ்டெல்லா.

இரும்புச்சத்து இல்லாத குழந்தைகள் மண் தின்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த நேரத்தில்தான் அவள் கணவன் தேவராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்தான். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி அந்தக் கல்லில் ஓங்கி அடித்தான். சாம்பல் நிறத் தூசி எழும்பி அடங்கியது. அபி தலையில், கையில், அவள் கிளறிய மண்ணில்.

"என்ன வேலை தேவராஜ்?"

"பழைய பேட்டரிய ஒடைச்சி ஈயம் உருக்கறது மேடம்."

அந்தக் கல்லிலேயே உட்காரப் போய், அதன் மேல் படிந்த தூசியைப் பார்த்துப் பதறி விலகினேன்.

பயிற்சி வகுப்பில் தனித்தனியாகப் படித்ததெல்லாம் அங்கே ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் குழந்தை மண்ணைத் தேடும். இரும்பு கிடைக்காத உடம்பு, அதற்குப் பதிலாக ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அந்த ஈயம் மூளைக்குப் போகும்.

ஸ்டெல்லாவிடம் குழந்தையைத் தூக்கிக் கை கழுவிவிடச் சொன்னேன். பிறகு தேவராஜிடம், சட்டையில் வருகிற தூசியில் ஈயம் இருக்கிறது, அதைத்தான் குழந்தை தின்கிறது என்று சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றுதான்.

"இன்னா மேடம் சொல்றீங்கோ? எம் பொண்ணுக்கு நானா வெஷத்தைக் கொண்டாந்து கொட்டிக்கினு இருக்கேன்?"

"உங்க மேல தப்பு இல்லப்பா. அங்கேயே குளிச்சு உடுப்பை மாத்திட்டு வரணும்னு யாரும் சொல்லலியா?"

"குளிக்க எடம் கேட்டோம் மேடம். காண்ட்ராக்டர், 'ஏன், உன் ஊட்ல தண்ணி இல்லியா?'ன்னுட்டாரு."

ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினோம். ரிசல்ட் வந்ததும் டாக்டர் எனக்குப் போன் செய்தார். "ஒரு கொழந்தையோட ரத்தத்துல இவ்ளோ ஈயத்தை நான் பாத்ததில்ல. இன்னைக்கே அட்மிட் பண்ணணும்."

3. வந்ததும் வராததும்

சென்னை ஆஸ்பத்திரியில் ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். தேவராஜ் அந்த வேலையை விட்டு ஒரு குடோனில் மூட்டை ஏற்றப் போனான். வீட்டையும் மாற்றினான். கூட வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்குப் போய், "புள்ளைங்களுக்கு ரத்தம் பாருங்கடா" என்று கெஞ்சினான். சிலர் வேலைக்குப் பயந்து கதவைச் சாத்தினார்கள். பரிசோதனைக்கு வந்த குழந்தைகளில் இரண்டு பேர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. இருவரும் பேசிக்கொண்டும் விளையாடிக்கொண்டும் இருந்தவர்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

ஸ்டெல்லா பாலைக் குறைத்து கேழ்வரகுக் கூழ், முட்டை, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என்று பழக்கினாள். ஊட்டும்போது ஒவ்வொன்றின் பேரையும் சொல்லிச் சொல்லி ஊட்ட வைத்தேன். சத்து மட்டும் போதாது. யாராவது எதிரில் உட்கார்ந்து பேசினால்தான் மூளை பேச்சைப் பிடிக்கும். பல வாரம் கழித்து அபி கிண்ணத்தைத் தள்ளிவிட்டு "வோணாம்" என்றாள். ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

இப்போது அபி பள்ளிக்கூடம் போகிறாள். பேசுகிறாள். எழுத்து மட்டும் மெதுவாகத்தான் ஏறுகிறது.

பேச்சு வராத குழந்தை வந்தால் நாக்கையும் காதையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அது என்ன தின்கிறது, எங்கே தவழ்கிறது, அதைத் தூக்குகிற கை எந்த வேலையிலிருந்து வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள். நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

போன மாதம் தேவராஜைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பார்த்தேன். பொண்ணு எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். "ரெண்டாங் கிளாஸ் மேடம்" என்று சிரித்தான். பிறகு ரயில் வருகிற சத்தத்தில் கிட்டே வந்து கேட்டான்:

"இது மட்டும் நடக்காம இருந்திருந்தா, அவ எப்டி படிச்சிருப்பா மேடம்?"

ஆராய்ச்சிகள் ஆயிரம் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும். ஒரு அபியைப் பற்றிச் சொல்லாது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் வந்து நின்றது.