லீவுக்காரர் பெட்டி

எங்கள் தெருவில் அவரை லீவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பார்த்தவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வருஷத்துக்கு அறுபது நாள் வீடு. ஆளைக் கண்டதும் எதிர்வீட்டுத் தையல்காரர் வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, "எப்ப வந்தீங்க? எத்தனை நாளு?" என்பார். தெருவே அவரைக் கேட்ட கேள்வி அந்த இரண்டும்தான். இப்போது அவருடைய பழைய பட்டாளத்துக்காரர் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மெடல், நம்பர் எல்லாம், இதை எழுதுகிற என் பெரியவன் காகிதத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும். அவர் என் வீட்டுக்காரர். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், சொன்னபடியே எழுத வேண்டும்.

எனக்கு எழுத்து வராது, கோடு போட வரும். அவர் வந்த அன்றைக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு, அப்புறம் நாளுக்கு ஒன்று. முதல் பத்துக் கோடு வரைக்கும் அவர் விருந்தாளி. தம்ளரைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பார். அதற்கப்புறம் வீட்டில் ஒரு சாமான் தப்பாது. ஒழுகாத குழாயைக் கழற்றுவார், ஓடுகிற கடிகாரத்தைப் பிரிப்பார். ஐம்பதுக்கு மேல் பேச்சு குறைந்துவிடும். ஐம்பத்தேழாம் நாள் நான் பரணிலிருந்து அவருடைய இரும்புப் பெட்டியை இறக்கித் துடைத்து, துணிமணி அடுக்குவேன். அறுபதாம் நாள் ஸ்டேஷன். இரண்டு சண்டைக்கும் அப்படித்தான் போனார். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஏன் என்று கேட்டால் "குளிரு" என்பார். சண்டையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரிடையர் ஆகி வந்த அன்று பெட்டியைப் பரணில் ஏற்றினேன். கடைக்குட்டிக்கு அப்போது எட்டு வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் வக்கீல் என்று கூப்பிடுவோம். அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் வழக்கைத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, எப்ப கிளம்புறீங்க?"

"கிளம்பலடி. இனிமே இங்கதான்."

"இங்கதான்னா எத்தனை நாளு?"

"எல்லா நாளும்."

"அப்ப என் எடம்?"

அவர் இல்லாதபோது என் பக்கத்தில் படுப்பவள் அவள். அவர் வந்தால் அறுபது நாளைக்கு முன்னறைக்குப் போக வேண்டும். "அறுபது நாளுதானேன்னு விட்டுக் குடுத்தேன், இப்படி ஏமாத்துறீங்களே" என்று ஒரே அழுகை. அவர் சிரித்தார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு சரியாகப் படவில்லை.

பஸ் டிப்போ பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். என் கை மட்டும் கோடு போடுவதை நிறுத்தவில்லை. வேண்டுமென்று போடவில்லை, பால் காய்ச்சும் முன் கரியை எடுத்துப் பழகிய கை. ஐம்பது தாண்டியது. கட்டிலை ஒரு நாள் ஜன்னல் பக்கம் போட்டார், மறுநாள் சுவர் பக்கம் இழுத்தார். சாப்பிடும்போது ஒரு கண் வாசலில். வெளிக்கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். "யாரைத் தேடுறீங்க?" என்றால் "காத்து வரட்டும்னு" என்பார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், ஷிஃப்ட் முடிந்து வந்தவர் அறை வாசலில் நின்றுவிட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. பெட்டி இறங்கியிருந்தது. துடைத்தாயிற்று. நாலு சட்டை, துண்டு, சோப்பு டப்பா, ஊசிநூல், எல்லாம் உள்ளே. அன்றைக்கு ஐம்பத்தேழு.

"வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை. "ஐயோ, கை பழக்கத்துல செஞ்சிடுச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. இத்தனை வருஷம் தனியாகக் குடும்பத்தை இழுத்தவள் நான், நான் அனுப்பப் பார்க்கிறேன் என்று இந்த மனுஷன் நினைக்கலாமா என்று வீம்பு. "நீங்கதானே வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றேன். அவர் பெட்டியை மூடினார், தூக்கினார், போய்விட்டார்.

பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் வெளியூரில் லாரி ஷெட் வைத்துக்கொண்டு, வா வா என்று கூப்பிட்டபடியே இருந்தார். அங்கே போனால் போனதுதான். பழையபடி வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மனுஷன் ஆகிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த வக்கீல் பரணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவரா போனாரா, நீ அனுப்பிச்சியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா.

எப்போதும் வழியனுப்புகிற தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி வரலையா?" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"மூணு வந்துது."

"ஷெட்டுக்குப் போற வண்டி?"

"அதுவும்தான் வந்துது. ஏறக் கால் வரலம்மா. போற எடத்தை எழுதிக் கையில சீட்டு குடுப்பாங்க, அதப் பாத்து ஏறித்தான் பழக்கம். இன்னிக்கு யாரும் குடுக்கலையே."

மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தேன். "வந்து எறங்கினவங்க வீட்டுக்குத்தானே வரணும்? இங்கயே உக்காந்திருந்தா சோறு யாரு போடுவா?" என்றேன். அவர் மறு கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

பெட்டியைக் கண்டதும் தையல்காரருக்குப் பழைய கேள்வி தானாக வந்துவிட்டது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதாங்க" என்றார் அவர்.

"எத்தனை நாளு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அறுபது" என்று நான் சொன்னேன்.

"அப்ப இன்னிக்கு மொத நாளா?" என்று வக்கீல் குறுக்கே புகுந்தாள். "சரி, நான் முன்னறைக்குப் போறேன். அறுபதுதான், இப்பவே சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பழைய கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டேன்.

இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. ஐம்பத்தேழில் பெட்டியை இறக்குவேன். அறுபதில் ஸ்டேஷனுக்குப் போவார், டீ குடிப்பார், இரண்டு மூன்று வண்டியை விட்டுவிட்டு வந்து சேர்வார். பிள்ளைகளுக்கு இது சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. அவர் தெரு திரும்பியதிலிருந்து திரும்பி வரும்வரை என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது, அடுப்பில் வைத்தது கருகும். இன்றைக்குப் பார்த்து ஏறக் கால் வந்துவிட்டால்? ஒவ்வொரு தடவையும் அதே பயம்தான். கடைசிக் காலத்தில் பெட்டிக்குள் ஒரு துண்டு மட்டும் வைப்பேன், கனம் தாங்க மாட்டார்.

போன மாதம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவர் கையில் இருக்க, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். வக்கீல் வந்து கதவுக்குப் பின்னால் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

ரிடையர் ஆனவர் காலமானார் என்று மலரில் போடுவார்களாம். அப்படிப் போடக் கூடாது. லீவில் இருந்தபோது காலமானார் என்று போட வேண்டும். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. "அப்படியெல்லாம் போட மாட்டாங்கம்மா" என்கிறான் பெரியவன். போடச் சொல்.

பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றும் கேட்டான். அது பரணில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இந்தத் தடவை அதை நான் இறக்கவில்லை.