வாளின் முதுகில் ஓர் எண்

என் கணவர் சேர்த்து வைத்திருந்த நான்கு ஆங்கிலேய ராணுவ வாள்களிலும் செத்தவர்கள் குடியிருக்கிறார்கள் என்று எங்கள் சொந்தபந்தத்தில் நம்பினார்கள். உரியவன் போரில் விழாமல் அவன் வாள் விருத்தாசலம் வரை ஏன் வரப்போகிறது என்பது அவர்கள் நியாயம். அதை வாய்விட்டுச் சொன்னவள் நாத்தனார் மட்டுமே. கணவனை இழந்து எங்களோடு வந்து தங்கியிருந்தாள்.

"நான் பெண்ணாடத்துல பெரியண்ணன் வூட்டுக்கே போயிடறேன் அண்ணி. அந்தப் புதுக் கத்தியில ரத்தம் அப்படியே இருக்குது பாருங்க," என்றாள், ஆயுத பூசைக்கு முந்திய வாரம். பெரியண்ணன் வீட்டில் அவளுக்குச் சோறு கிடைக்கும், பேச்சுத்துணை கிடைக்காது. அவளை அனுப்ப எனக்கு மனமில்லை.

கணவருக்குப் பீங்கான் பட்டறையில் வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் மயிரிழை விரிசல் தேடுவார். ஞாயிறுகளில் அதே பூதக்கண்ணாடியோடு வாள்களின் முன் உட்காருவார். நாத்தனார் அஞ்சிய வாள், புதுச்சேரியில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. அதன் அலகில், கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே, உரியவரின் பெயரெழுத்துகள் மங்கலாக இருந்தன. அவற்றில் இரண்டைத்தான் கணவர் அதுவரை படித்திருந்தார்.

அவள் கண்ட ரத்தம் வெறும் துரு என்று அவளுக்குக் காட்டிவிடத் துணிந்தேன். குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு, புளியும் செங்கல் பொடியும் போட்டு வாளையும் தேய்த்தேன். கறை போயிற்று, கூடவே கொடியும் எழுத்தும் போயின. எவ்வளவோ படித்த எனக்கு, இரும்பைப் பித்தளைபோல் துலக்கக் கூடாது என்று தோன்றவில்லை.

"சூளையப் பாதியில தொறந்து எல்லாத்தையும் வெடிக்க வுட்ட மாதிரி பண்ணிட்டியே," என்றார் கணவர்.

நாத்தனார் விடவில்லை. "நல்லா தேய்ச்சீங்க அண்ணி! அந்தாளு பேரே போச்சு. இனிமே எங்க போவான், இங்கதான் சுத்துவான்."

கணவர் வாளுக்கு எண்ணெய் பூசும்போது, கைப்பிடியருகே, அலகின் முதுகில், அழுக்கு நீங்கிய இடத்தில் ஓர் எண் தட்டுப்பட்டது. வாளைச் செய்தவர்கள், வாங்கியவர் பெயரோடு எண் வாரியாகப் பதிவேடு வைத்திருந்தது அவருக்குத் தெரியும். இங்கிலாந்தில் அந்தப் பதிவேடுகளை ஆராயும் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வரும்வரை பொறுத்திருக்கும்படி நாத்தனாரிடம் வாரந்தோறும் மன்றாடினேன்.

பதில் வந்தது. நாத்தனாருக்குத் தமிழில் சொன்னேன்: வாளை வாங்கியவர் ஓர் இளம் அதிகாரி, போரில் சாகவில்லை, ஊர் திரும்பி, தோட்டம் போட்டு, முதுமைவரை வாழ்ந்திருக்கிறார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரா?"

"சேந்துட்டாரு."

"பொண்டாட்டி இருந்தாங்களா?"

"இருந்திருக்காங்க. நாலு புள்ளைங்க."

இன்னும் இரண்டு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "மத்த மூணு பேரும் என்னா ஆனாங்கன்னு கேக்கச் சொல்லுங்க அண்ணன."

பெண்ணாடப் பேச்சு பிறகு எழவில்லை. மேலும் இருவரைப் பற்றித் தெரிந்தது. அவர்களில் ஒருவர் போரில் இறந்தவர்தான். அது தெரிந்த அன்று நாத்தனார் அவருக்காக ஒரு விளக்கேற்றினாள், அவ்வளவே. நான்காமவரைக் கண்டறியுமுன் கணவர் காலமானார். இப்போது இங்கிலாந்துக்கு நான் எழுதுகிறேன். பதில் வந்ததா என்று அவள் கேட்கிறாள். இந்த வீட்டில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.