கெப்பிட்டல் எழுத்தும் என் சகலனும்

என் வலது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. தண்ணீர்ச் செம்பை எட்டி எடுக்கப் போனால் பாதியில் நிற்கும். அதை உடைத்தவன் என் சகலன், என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தோணித் துடுப்பால் உடைத்தான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கொம்பியூட்டர் அவனை உள்ளே விடவில்லை, அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெற்றவர்கள் வீட்டைக் கட்டிச் சீதனமாகக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை தன் சாரத்தையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குடியிருப்பான். நான் கரடியனாற்றில் வயல் வட்டைக்குள் சேறும் நெல்லுமாக வளர்ந்தவன். சகலன் வாகரைக் கடலோரத்தான். இரண்டு பேரும் ஆரையம்பதியில் ஒரே வளவுக்குள் வந்து சேர்ந்தோம். முன்வீடு என் மனைவிக்கு, பின்வீடு அவளுடைய தங்கைக்கு. வளவின் கடைசியில், வாவிக்கரையில், நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு வாடி, மீன் கொட்டில், போட்டோம். தோணிக்காரர் கொண்டுவரும் நண்டை நான் எடுப்பேன், இறாலை அவன் எடுப்பான், ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம்.

சண்டையில்லாமல் இருந்தோம் என்று சொன்னால் பச்சைப் பொய். இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேலே கோபம். ஐஸ் போதாது என்று ஒரு நாள், பெட்டி கழுவவில்லை என்று ஒரு நாள், சட்டையைப் பிடித்துக்கொள்வோம். பிறகு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்போம். ஆனால் 'வந்தவன்' என்ற சொல்லை மட்டும் இருவரும் ஒருநாளும் எடுத்ததில்லை. பெண்சாதி கதவைச் சாத்தினால் எங்கள் ஊர் ஆம்பிளைக்குப் போக்கிடம் தாய் வீடுதான். அந்தப் பயம் அவனுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

வாடியில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. அன்றன்று ஏற்றுகிற சரக்கின் விவரத்தை அதிலிருந்துதான் கொழும்புக்கு அனுப்புவோம். உள்ளே போக ஆளுக்கொரு பெயர்: நான் நண்டு, அவன் இறால். ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும். என் சகலன் எதை அடித்தாலும் கெப்பிட்டலில்தான் அடிப்பான். பெண்சாதிக்குப் போனில் 'சாப்பிட்டியா' என்று அனுப்பினாலும் கெப்பிட்டல், பார்த்தால் ஏசுகிற மாதிரியே இருக்கும். கடவுச்சொல் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் இலக்கம், வெறும் எண்தான், எழுத்தே கிடையாது. விண்டோஸ் இருந்த காலத்தில் ஒரு தொல்லையும் வரவில்லை. பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் வா ராசா என்று திறந்துவிடும்.

அதில் வைரஸ் விழுந்து படுத்துவிட்டது. புளியந்தீவிலிருந்து கொம்பியூட்டர் திருத்துகிற ஒருவரைக் கூட்டிவந்தேன். பெரிய வண்டி வயிறும் வெற்றிலை வாயுமாக வந்த மனிதர், இந்தப் பழசுக்கு லினக்ஸ்தான் சரி என்று அதைப் போட்டார்.

"பழைய பேர், பழைய விவரமெல்லாம் அப்படியே போட்டிருக்கன். ஆனா சிம்பிள்ல, சின்ன எழுத்திலதான் பேர அடிக்கோணும். கெப்பிட்டல்ல அடிச்சா இது அவரில்ல, வேற ஆள் எண்டு நினைக்கும்," என்றார்.

"அப்ப கொம்பியூட்டருக்கு வாடி எண்டு பேர் வச்சிருக்கிறீங்களே, அது?"

"நெட்வேர்க்கில அத எப்படி அடிச்சாலும் வரும்."

பாருங்கள் அநியாயத்தை! பெட்டியின் பெயரை எப்படிக் கூப்பிட்டாலும் அது ஓடிவருமாம், மனிதன் பெயருக்குத்தான் இத்தனை சட்டம். சகலன் அப்போது தோணி எஞ்சினை இழுத்து இழுத்து முடுக்கிக்கொண்டிருந்தான். போய்க் காதுக்குப் பக்கத்தில் நின்று கத்திச் சொன்னேன். "ஓம், ஓம்," என்றான். எஞ்சின் பிடித்துக்கொண்டது, போய்விட்டான்.

அன்று பின்னேரம் ஒரு பெட்டி இறால் கெட்டு நாறியது. மாமி, எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்தவர், வளவுக்குள் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வந்ததுகளுக்கு வளவிர அருமை எங்க தெரியும்? பொறுத்தது போதும், புள்ளையள், கதவச் சாத்துங்க." சகலன் அன்று சோறு தின்னவில்லை.

மறுநாள் காலை நான் நண்டுப் பெட்டியோடு வாடிக்குள் போகிறேன், அவன் கொம்பியூட்டருக்கு முன்னால் வேர்த்துப்போய் இருக்கிறான். திரையில் பிழை என்று வந்திருக்கிறது. திரும்ப அடிக்கிறான், திரும்பவும் பிழை. கையை முறுக்கிக் கீபோட்டில் குத்தினான். இரண்டு எழுத்து தெறித்து ஐஸ் தண்ணிக்குள் விழுந்தது.

"ஆரடா என்ட பேர எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கல்லடா. சிம்பிள்ல அடி. நேத்துச் சொன்னனான்தானே?"

"நேத்து மாமி சொன்னா, இண்டைக்கு நீ எடுத்திட்டாய். ரெண்டு பேரும் சேந்து என்ன வெளிய போடப் பாக்கிறியள்!"

முதல் குத்து என் வாயில் விழுந்தது. பெட்டி கவிழ்ந்து நண்டெல்லாம் காலுக்குள் ஓடின. நான் மட்டும் கை கட்டிக்கொண்டு நின்றேன் என்று நினைக்காதீர்கள். ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்து அவனுடைய தோளில் போட்டேன். முறிகிற சத்தம் கேட்டது, எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவன் என் மயிரைப் பிடித்து மேசையில் மோதினான். நான் அவன் கையைக் கடித்தேன், உப்பும் மீன் வெடுக்கும் இரத்தமும் வாய்க்குள் வந்தது. நண்டொன்று அவன் பெருவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது, அதையும் இழுத்துக்கொண்டுதான் சுவரில் சாத்தியிருந்த துடுப்பை நல்ல கையால் எடுத்தான்.

ஒரு வீச்சில் என் முழங்கை போனது. அடுத்த வீச்சில் திரை சிதறியது. மூன்றாவதை என் தலைக்கு ஓங்கினான். பின்வீட்டிலிருந்து ஓடிவந்த மச்சாள், அவனுடைய பெண்சாதி, இடையில் விழுந்தாள். துடுப்பு அவளுடைய தாடையில் பட்டது.

அந்தச் சத்தத்தை மறக்க நான் செத்துத்தான் போகவேண்டும்.

அவன் துடுப்பைப் போட்டுவிட்டுக் குந்தினான். அவள் இரண்டு பல்லைக் கையில் துப்பினாள். அழவில்லை. பின்வீட்டுக்குப் போனாள், அவனுடைய சாரத்தையும் சட்டைகளையும் ஒரு பையில் அடைத்துக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

"உங்கள ஒருத்தரும் போகச் சொல்லல்ல," என்றாள். வாய் வீங்கிச் சொல் குழறியது. "இப்ப நான் சொல்றன். இது என்ட வீடு. போங்க."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். தன்னை வெளியே போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அடித்தான், அடித்ததால்தான் வெளியே போனான். தோளைப் பிடித்துக்கொண்டு வாகரைக்கு பஸ் ஏறினான். அவன் செத்துத் தொலையட்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வேண்டினேன். மச்சாள் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க அந்த வேண்டுதல் கூடியது.

திருத்துகிறவர் புதுத் திரையோடு வந்தார். இறால் என்ற பெயரை அழித்துவிடுங்கள் என்றேன். மச்சாள் வாசலில் நின்று, "அதில கை வைக்காதீங்க அத்தான்," என்றாள். நான் ஏச வாயெடுத்து, அவளுடைய கோணிய தாடையைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

மாரி மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம் அவன் படலையில் வந்து நின்றான். அதே பை. மெலிந்து கறுத்திருந்தான். மாமி தென்னைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அண்ணன், உள்ள வரட்டா?"

இடது கையால் ஒரு அறை விடவேண்டும் போல எனக்குக் கொதித்தது. விடவில்லை. "என்னட்டக் கேளாத. நானும் வந்தவன்தான்," என்றேன். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாக வாயால் சொன்னேன்.

மச்சாள் வந்து படலையைத் திறந்தாள். வாடிக்குள் நடந்தாள், அவனும் பின்னால் போனான். கொம்பியூட்டரைக் காட்டி, "உங்கட பேர அடிங்க," என்றாள்.

அவன் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, சிம்பிளில் அடித்தான். பிறகு மோட்டார் சைக்கிள் இலக்கம். திரை திறந்தது. பழைய சரக்கு விவரமெல்லாம் அப்படியே இருந்தது. அவன் நெற்றியை மேசையில் வைத்து விம்மி விம்மி அழுதான்.

"கொம்பியூட்டர் உள்ள விட்டிட்டுது," என்றாள் மச்சாள். "நான் இன்னும் விடல்ல." பின்வீட்டுக்குப் போய் உள்ளே கொண்டி போட்டாள்.

நண்டு லொறிக்கு நேரமாகியிருந்தது. நான் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன், முழங்கை வரவில்லை. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான். ஏற்றி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு பின்னேர பஸ்ஸுக்குப் போனான். அடுத்த நாளும் வாகரையிலிருந்து வந்தான். இன்றைக்கும் அப்படித்தான் வருகிறான், போகிறான்.