ஓர் ஏடு தள்ளி

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து தெலுக் பங்லிமா காராங்குக்கு லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். முருகன் படம் மாட்டிய வீடு. அந்த வீட்டுப் பெண் கிரேக்கம் கற்று, ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்துக்கு எழுதிய உரைகளை ஆராய்கிறாள் என்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா?

"என்னலா, பாதர் ஆகப் போறியா?" என்று எதிர்வீட்டு ஆன்டி கேட்பார்.

"பொண்ணுங்களுக்கு அந்த வேலை தரமாட்டாங்க ஆன்டி. ஏன்னுதான் ஆராய்ச்சி பண்றேன்" என்பேன். கர்வமாகத்தான் சொல்வேன்.

அது பொய்யில்லை. பழைய திருச்சபைக் கடிதம் ஒன்றின் முடிவில் ஒரு தலைவருக்கு வாழ்த்து வருகிறது. பிற்கால உரைகள் அவரை ஆண் என்கின்றன. அதிகம் பேர் பார்க்காத ஒரு கையெழுத்து உரை அவரைப் பெண்ணாகவே பேசுகிறது, அதுவும் எட்டு இடங்களில். வெளிநாட்டு நூலகம் ஒன்று இணையத்தில் போட்டிருந்த படங்களை இரண்டு வருடம் உற்றுப் பார்த்து நான் கண்டுபிடித்தது அது.

அந்த ஏடுகளின் மூலைகள் அரித்துப் போயிருந்ததால் எண் தெரியாது. படங்களை எண்ணித்தான் இது இத்தனையாவது ஏடு என்று குறிக்க வேண்டும். அங்கேதான் தவறினேன். நான் தரவிறக்கியபோது ஒரு படம் இரண்டு முறை சேர்ந்துவிட்டிருந்தது. நான் அதை இரண்டு ஏடுகளாக எண்ணிவிட்டேன். அதற்குப் பிறகு வரும் எட்டு இடங்களுக்கும் நான் எழுதிய எண் ஒன்று கூடுதல். தெரியவந்த அன்று என் கோப்பில் மட்டும் திருத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எண்ணத் தெரியாதவள் என்று பெயர் வாங்க மனமில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பே என் குறிப்புகளின் நகல் அக்காவிடம் போயிருந்தது. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. அதே துறையில் எனக்கு மூத்த மாணவி, கிள்ளானில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வந்து தங்குவார். சபையில் பெண்கள் கூட்டத்தில் பேசக் குறிப்பு வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன்.

போன வருடம் ஓர் ஆய்விதழில் அவர் கட்டுரை வந்தது. என் பெண் தலைவர், என் எட்டு இடங்கள். அவரும் அந்தப் படங்களைப் பார்த்திருக்கலாம் என்று முதலில் மனத்தைத் தேற்றினேன். பிறகு ஏட்டு எண்களைப் பார்த்தேன். எட்டும் ஒன்று கூடுதல். எங்கள் துறையில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள்: இரண்டு பிரதிகளில் ஒரே சரி இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஒரே தவறு இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. அவர் முந்திவிட்டதால், சமர்ப்பித்தால் திருடியவள் நானாகிவிடுவேன்.

ஒரு மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கேட்டேன்.

"அக்கா, அது என் குறிப்பு."

"குறிப்புதானேமா. கட்டுரை நான்தானே எழுதினேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்கு இது பாடம். எனக்கு வேதம். வெளியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து சொன்னா எங்க சபையில எவன் கேப்பான்? நான் சொன்னா கேப்பாங்க."

அந்த ஐந்து வருடத்தில் அவர் என்னை வெளியாள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

திருட்டை நிரூபிக்க என்னிடம் இருந்த ஒரே சான்று என் தவறுதான். அதைப் பேராசிரியர்கள் முன் எடுத்து வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பல்கலைக்கழக விசாரணைக் குழுவில் ஐந்து பேர். தேதியிட்ட என் பழைய நோட்டைத் திறந்து எட்டுத் தவறான எண்களையும் வாய்விட்டுப் படித்தேன். அக்கா கட்டுரையிலிருந்த எண்களைக் குழுத் தலைவர் படித்தார். எட்டும் ஒன்றாக இருந்தன.

"தவறு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நகல் கொடுத்து மூன்று மாதத்தில்."

"அவரிடம் சொன்னீர்களா?"

"இல்லை. வெட்கமாக இருந்தது."

அதுவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா நீ?" என்று தமிழில் கேட்டார். அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் அது புரிந்தது. குரலில் நடிப்பு இல்லை. என்னை நம்பித்தான் எடுத்திருக்கிறார், ஒருமுறை சரிபார்க்கக்கூடத் தோன்றாத அளவுக்கு.

ஆய்விதழ் அவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கண்டுபிடிப்பு என்னுடையது என்று குழு எழுதிக் கொடுத்தது. அவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், தேவைக்கு அதிகமான முறை.