சிதம்பரத்தில் நான் எடுத்த படம், கடலூரில் அது செய்த வேலை

போன கார்த்திகையில் ஒரு சனி, ஞாயிறு சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போய் வந்தேன். இரண்டு ஊருமே இந்த வலைப்பூவுக்குப் புதிதல்ல. சிதம்பரத்தைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய பதிவைத்தான் இன்றுவரை இங்கே அதிகம் பேர் படித்திருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வங்கி வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கிற விடுமுறையில் தனியாகப் பேருந்து ஏறுகிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன கர்வம் இருக்க முடியும், சொல்லுங்கள். ஆனால் இந்த முறை போனது ஊர் பார்க்க இல்லை. அந்தப் பதிவில் நான் எழுதிய இரண்டு வரிகளால் ஒருவருக்கு வேலை போயிருந்தது. அவரைத் தேடிப் போனேன்.

பழைய வாசகர்களுக்கு அந்த வரிகள் நினைவிருக்கலாம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கும் மெஸ்ஸில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, "பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்தால் சீனாவில் இறங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வரும். கொத்சுவில் இருப்பது கத்திரிக்காய்தானா என்று ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். கூடவே, கையில் வாளியோடு அவர் நிற்கும் படம். அவரிடம் கேட்காமல் எடுத்தது. எழுதும்போது நானே சிரித்தேன். கீழே நிறையப் பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தீர்கள். இதென்ன பேச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, எழுதியவள் நான்.

புரட்டாசியில் ஒருநாள், குப்பைப் பெட்டிக்குப் போயிருந்த பின்னூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த மெஸ்காரர் எழுதியது கண்ணில் பட்டது. எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அம்மா, இட்லி ஆறிப்போயிருந்தது என்று எழுதியது உண்மை. மற்றது உண்மை இல்லை. அந்தத் தம்பி இப்போது என்னிடம் இல்லை." அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது எழுதிச் சமாளித்திருப்பேன். அன்றே படத்தையும் வரிகளையும் எடுத்துவிட்டேன். அதனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது, வேறு யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பேருந்து. கட்டணம் 210 ரூபாய். திண்டிவனம், புதுச்சேரி, கடலூர் வழியாக சிதம்பரம் சேரும்போது மணி 10.50. புதுச்சேரியில் பத்து நிமிடம் நிற்கும், பெண்கள் கழிப்பறைக்கு அங்கேயே போய்விடுவது நல்லது. வழியெல்லாம் மூடிய வானம், விட்டு விட்டுத் தூறல். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, போய் என்ன சொல்வது என்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்தேன். நான்கிலும் என்னைப் பற்றித்தான் அதிகம் பேசினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து மெஸ் முக்கால் கிலோமீட்டர் நடை. கோயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்க, பகல் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். நான் போகவில்லை. மெஸ்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கல்லாவில் உட்கார்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்கதானாம்மா அது. உக்காருங்க. மொதல்ல சாப்புடுங்க."

மேசையில் இலை போட்டு அவரே பரிமாறினார். நான் சாப்பிடச் சாப்பிட எதிரில் நின்றுகொண்டே சொன்னார்.

"நீங்க போட்டு நாலு நாளு கழிச்சி ரெண்டு காலேஜ் பசங்க போன வச்சிக்கிட்டு வந்தாங்க. இவருதானா அவருன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் ஏதோ குரூப்புல, நாய்க்கறி திங்கிறவன் கையில இட்லின்னு போட்டுட்டாங்க. பார்சல் வாங்குறவங்க நின்னுட்டாங்க. சரின்னு அவன உள்ள அனுப்பி பாத்திரம் கழுவச் சொன்னேன். ஜன்னல் வழியா அதையும் போட்டோ எடுத்தாங்க."

"நீங்க யாரிடமும் எதுவும் சொல்லவில்லையா?" என்றேன்.

"என்னான்னு சொல்றது? நாலு வருஷம் இருந்தான்மா. எம் பொண்ணு கல்யாணத்துல பந்திய அவன்தான் பாத்துக்கிட்டான். அவனப் போகச் சொன்னது நான். நீங்க எழுதுனீங்க, நான் அனுப்புனேன்."

இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. வீணாக்குகிறவள் இல்லை நான், இங்கே அதைப் பற்றியே ஒரு பதிவு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு இறங்கவில்லை. அந்தத் தம்பி இப்போது கடலூர் ஓ.டி.யில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி, இடத்துக்கு அடையாளமும் சொன்னார். காலையில் அந்த ஊரைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.

இனி அந்தத் தம்பியை சுரேன் என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. சொந்த ஊர் அசாம் என்பதற்கு மேல் சொல்வதாகவும் இல்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூர் 45 கிலோமீட்டர். 1.15க்கு ஏறி 2.30க்கு ஓ.டி.யில் இறங்கினேன், 42 ரூபாய். புதியவர்கள் குழம்பிவிடுவார்கள்: ஓ.டி. என்பது பழைய கடலூர், துறைமுகம் இருக்கிற பக்கம். தெற்கிலிருந்து வந்தால் அதுதான் முதலில் வரும். பெரிய பேருந்து நிலையமும் தங்கும் விடுதிகளும் அதற்கு அப்பால், புதுநகரான என்.டி.யில். அங்கே போய் இறங்கிவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் பேசினேன். ஓட்டுநருக்கு என் வயதுதான் இருக்கும், பேச்சுத் துணையாக வருகிற ரகம்.

"ஐஸ் கம்பெனில யாரு மேடம்? நம்மாளா, வடக்கனா?"

"தெரிந்தவர் ஒருத்தர்" என்றேன்.

"அவனுங்க ஜாஸ்தி ஆயிட்டானுங்க மேடம். புள்ளைங்கள வெளிய வுடவே பயமா இருக்கு. இங்க பாருங்க, நம்ம ஏரியா குரூப்புல வந்துது. புள்ள புடிக்கிறவனாம்."

ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது போனைப் பின்னால் நீட்டினார். நான் எடுத்த படம். வாளியை வெட்டிவிட்டிருந்தார்கள், முகம் மட்டும் இருந்தது. பின்னால் மெஸ் சுவரின் பச்சை வண்ணமும் காலண்டரின் ஒரு மூலையும் தெரிந்தன. மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. வதந்தி நாய்க்கறியோடு நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவென்று இருநூறு கிலோமீட்டர் வந்தவள், ஓர் ஆட்டோக்காரரிடம் இது பொய் என்று சொல்லவில்லை. ஒரு தெரு முன்னாலேயே இறங்கி, வண்டி கண்ணிலிருந்து மறைகிறவரை நின்று, பிறகு நடந்தேன். நான் தேடிப் போகிற முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்ற புத்தி மட்டும் இருந்தது.

ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்த நான்கைந்து பேரில் முகமூடி போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். சிதம்பரம் மெஸ்காரர் சொல்லி வந்திருக்கிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை. அந்தப் படம் எடுத்தது நான் என்றேன்.

"ஞாபகம் இருக்குக்கா" என்றார். "ரெண்டு வாட்டி கொத்சு கேட்டு வாங்குனீங்க."

உண்மைதான். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அதை எழுதினேன்.

நான்கு மணிக்கு வேலை முடிந்து, குடியிருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மீனவர் தெரு. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் செல்வி, துறைமுகத்தில் மீன் எடுத்து ஊருக்குள் கூடையில் விற்கிறவர். வாசலில் கருவாட்டுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார். சுரேன் அவரிடம் நான் யாரென்று சொன்னார். செல்வி உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் அந்த போட்டோ புடிச்சவங்களா?"

"ஆமாம்."

"ஆடி மாசம் பஸ் ஸ்டாண்டாண்ட டீ குடிச்சிக்கினு நின்னுது இது. எவனோ போனப் பாத்துட்டு, மூஞ்சப் பாத்துட்டு, இவன்தான்னு சொல்லிட்டான். பத்து இருவது பேரு கூடிட்டாங்க. சட்டையெல்லாம் கிழிச்சி, கீழ தள்ளி மிதிக்கிறாங்க. நான் கூடைய எறக்கி வச்சிட்டு உள்ள பூந்தேன். எங்க வூட்ல இருக்குற ஆளுடா, இன்னாடா தெரியும் உங்களுக்குன்னு கத்துனேன். மூணு நாளு தொண்ட கட்டிக்கிச்சி."

சுரேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி தார்ப்பாயின் ஓரத்தில் கல் வைத்தார்.

"மொதல்ல எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. வாடகைக்கு வுட மாட்டேன்னுதான் சொன்னேன். வூடு காலியாக் கெடந்துது, வுட்டேன். அப்புறம் பாத்தா மனுசன். படிச்சவங்க நீங்க ஒரு வரி எழுதிட்டுப் போயிடுறீங்க. நாங்க ரோட்ல நின்னு கத்துறோம்."

எனக்கு அழுகை வந்தது. அவர்கள் முன்னால் அழுதால் தேற்றுகிற வேலையும் அவர்கள் தலையில் விழும் என்று அடக்கிக்கொண்டேன். வாசல் படியில் உட்கார்ந்து, பேருந்தில் யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். உங்களைப் பற்றி, நடந்ததைப் பற்றி, முழுசாகப் புதிதாக ஒரு பதிவு போடுகிறேன், நல்ல படமாக ஒன்று எடுத்துப் போடுகிறேன், நிறையப் பேர் படிப்பார்கள் என்றேன்.

"வேணாங்க்கா" என்றார் சுரேன். "நல்லவன்னு எழுதுனாலும் என் மூஞ்சிதான் போகும். எழுத்த வுட்டுட்டு மூஞ்ச மட்டும் எடுத்துக்குவாங்க."

இந்தப் பதிவில் படங்களே இல்லாததற்குக் காரணம் இதுதான். நடந்ததை எழுதலாம், பெயரும் முகமும் வேண்டாம் என்றார்.

பிறகு அவராகவே மகளைப் பற்றிச் சொன்னார். ஐந்து வயது. அம்மாவோடு அசாமில் இருக்கிறாள். செல்வி பின்பக்க அறையை அவர்களுக்கென்று ஒழித்துக் கொடுத்திருக்கிறார், தெருமுனைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்கள். ஆடிக்குப் பிறகு இரண்டு முறை ரயிலில் இடம் பதிவு செய்து, இரண்டு முறையும் ரத்து செய்துவிட்டாராம்.

"ஏன்?" என்றேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

"பாப்பா எங்க போனாலும் என் கையப் புடிச்சிக்கினுதான் நடக்கும். ஸ்கூலுக்கு நான்தான் வுடணும். வழியில எதுக்காவது அழுவும், சின்னக் கொழந்தைதான? அழுவுற கொழந்தைய இழுத்துக்கினு இந்த மூஞ்சி போச்சின்னா யாரு விடுவாங்க? அன்னிக்கி நான் தனியா இருந்தேன், அடிச்சாங்க. பாப்பா பாக்க அடிச்சா?"

செல்வி உள்ளே போய்விட்டார். எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். அவர்கள் வருகிற அன்று ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன், கூடவே நடக்கிறேன், பள்ளிக்கும் வருகிறேன் என்றேன்.

"எத்தன நாளு வருவீங்கக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரிதான் இருந்தது. எனக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. அதைச் சொல்லவில்லை. வந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் முகமூடியைச் சரிசெய்துகொண்டார்.

"பாப்பா இங்க வந்து ஸ்கூலுக்குப் போவட்டும். அப்புறம் வந்து கேளுங்க, சொல்றேன்."

ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பினேன். என்.டி. வரை வேறோர் ஆட்டோ. இந்த ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை, நானாகவே ஆரம்பித்தேன். இப்படி ஒரு படம் சுற்றுகிறது, அது பொய், எடுத்தது நான் என்று முழுவதும் சொன்னேன். அவர் ஓட்டிக்கொண்டே கேட்டார். "அப்டியா மேடம்" என்றார். அவருக்கும் அந்தப் படம் வந்ததா, வந்திருந்தால் அழிப்பாரா, தெரியவில்லை. இறங்கும்போது பேசியதற்கு மேல் இருபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். விடுதி அறை 900 ரூபாய், சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை 7.10 பேருந்தில் சென்னை திரும்பினேன்.

வந்த பிறகு போலீஸின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் படத்தை அனுப்பியவர்களில் எனக்குத் தெரிந்த மூன்று பேரிடம் பேசினேன், அதில் ஒருவர் என் சொந்தச் சித்தி மகன். "தமாஷுக்குத்தான்கா" என்றான். என் வரிகளையும் நான் அப்படித்தான் நினைத்து எழுதினேன்.

வழக்கம்போல் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், ஆனால் கார்த்திகையில் குடை இல்லாமல் போகாதீர்கள். சாப்பிடும் இடத்தில் யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பச்சைச் சுவர், காலண்டர் மூலை, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை என்று ஒரு முகம் உங்கள் போனுக்கு வந்தால், அது பொய். அழியுங்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள், என்னைப் போல் ரயில்வே கேட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். ஓ.டி. பக்கம் காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் போக நேர்ந்தால், முகமூடி போட்ட ஒருவர் அழுகிற பெண் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதை ஒருநாள் நீங்கள் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. யாரையும் கூப்பிடாதீர்கள், போனை எடுக்காதீர்கள். பள்ளிக்கு நேரமாகியிருக்கும், அவர்களுக்கு வழி விடுங்கள்.