உடைப்பை அடைத்த இரும்பு: நெடுமடைப்பட்டிக் கண்மாயில் ஒரு வெள்ளிக்கிழமை

சிலை பார்ப்பதற்காகப் பஸ் ஏறுகிற ஆள் இல்லை நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு மதுரையில் ஒரு பட்டறையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். மின்வெட்டுச் சுழற்சியில் எங்கள் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கூட லேத்தில் நிற்கும் பாண்டி, எங்கள் ஊர்க் கண்மாயில் பழைய இரும்பில் செய்த பதிமூன்றடி ஆள் நிற்கிறான், வந்து பார் என்று இரண்டு வாரமாக நச்சரித்தான். பழைய இரும்பு நான் தினமும் பார்ப்பதுதான் என்றேன். மதியம் கோழிக்குழம்பு என்றான். எண்பத்திரண்டு பங்குனியின் முதல் வெள்ளியன்று கிளம்பிவிட்டேன்.

பசுமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, 7.10க்குத் திண்டுக்கல் ரோட்டு வண்டியைப் பிடித்தோம். விளாங்குடி தாண்டினால் கூட்டம் இறங்கிவிடும். உட்கார இடம் கிடைக்கும். சமயநல்லூர் வரை பன்னிரண்டு கிலோமீட்டர், எழுபது காசு, நாற்பது நிமிடம். அங்கே வாடகைச் சைக்கிள் மணிக்கு நாற்பது காசு. தெரிந்த ஆள் ஜாமீன் சொல்லாவிட்டால் தரமாட்டார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து எடுங்கள். நான் எடுத்ததில் முன் பிரேக் கட்டையே இல்லை. பிறகு ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. கருவேல முள் ஜாக்கிரதை.

அந்த இரும்பின் கதையைப் பாண்டி வழியில் சொன்னான். போன ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை கண்மாய்க்கரை உடைத்துக்கொண்டது. மணல் மூட்டைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. ஊர்த்தெருவும் காலனித்தெருவும் கையில் அகப்பட்டதையெல்லாம் உடைப்பில் கொண்டுவந்து போட்டன. கலப்பை, வண்டிச் சக்கரத்துப் பட்டை, இரும்புக் கட்டில், ஆயில் என்ஜினின் ஃப்ளைவீல், ஜன்னல் கம்பி, ஒரு தையல் மெஷின்கூட. மேலே வைக்கோலும் மண்ணும். அது அமரும் வரை நாலு மணி நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் வரிசையாகக் கைகோத்து நின்றிருக்கிறார்கள். உடைப்பு அடைபட்டது. தை மாதம் அரசாங்கம் கரையைப் புதிதாகக் கட்டியபோது, புதைந்த சாமான் அத்தனையும் வெளியே வந்தது. கண்மாய்க்குக் கொடுத்ததை யாரும் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். குவியலை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது, காலனியைச் சேர்ந்த செல்லத்துரை, அதில் ஒரு ஆள் செய்து தருகிறேன் என்றிருக்கிறார். லாரி பாடி கட்டும் இடத்தில் பத்து வருடம் ஃபிட்டராக இருந்தவர்.

8.40க்குக் கரை ஏறினோம். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, கால் அகட்டி நின்றது அந்த உருவம். கட்டில் சட்டம் முதுகெலும்பு, ஃப்ளைவீல் நெஞ்சு, கலப்பைக் கொழு விரல்கள். முகத்துக்கு ஒரு தோசைக்கல். நான் தேடியது வெல்டிங்கை. ஒரு பொட்டு கூட இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"கரண்டு மோட்டாருக்கே பத்தல. எல்லாம் போல்ட்டும் ரிவெட்டுந்தேன்" என்றார் அங்கே நின்ற செல்லத்துரை.

கால் மணி நேரம் குறை தேடினேன். இடது கணுக்காலில் ஒரு நட்டுக்கு, அது கழலாமல் பிடிக்கும் லாக்நட் இல்லை. சொன்னேன். பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு ஸ்பானரால் முறுக்கிவிட்டு, "அடுத்து சொல்லுங்க" என்றார். அடுத்து ஒன்றும் இல்லை. என் பட்டறையில் இவ்வளவு சுத்தமான வேலை வருடத்துக்கு இரண்டு வரும்.

பத்தேகாலுக்கு ஒரு ஜீப் வந்தது. கண்மாய்க்குப் பொறுப்பான ஓவர்சியர். அப்போதுதான் பாண்டி உண்மையைச் சொன்னான். சிலையை எடுக்கச் சொல்லிப் போன வாரமே எச்சரித்திருக்கிறார்கள். படித்த ஆள் ஒருவன் வந்து பேசுவான் என்று இவன் ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். கோழிக்குழம்பின் அர்த்தம் புரிந்தது.

ஓவர்சியர் சிலையைச் சுற்றி வந்து, "எந்தத் தலைவர் இது?" என்றார். பெயர் தெரியாத சிலை நாளைக்குச் சண்டையைக் கொண்டுவரும் என்ற பயம் அவருக்கு.

"தலைவரு ஆரும் அன்னிக்கு வரல சார்" என்றாள் இருளாயி. தையல் மெஷினைக் கொடுத்தவள் அவள்தான். ஓவர்சியரே சிரித்துவிட்டார்.

ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. புதுக்கரையில் மூன்றடிப் பள்ளம் தோண்டிக் காலை இறக்கியிருக்கிறீர்கள், தண்ணீர் ஏறினால் அந்த வழியாகத்தான் கசியும், அடுத்த உடைப்பு இங்கேதான் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தேன்.

"சார் சொல்றது சரி" என்றேன்.

பாண்டி என் பக்கம் திரும்பவே இல்லை. ஓவர்சியர், நாலு மணிக்குத் திரும்பி வருவேன், அப்போதும் கரையில் இருந்தால் ஆள் வைத்துப் பிரித்து ஏலம் விட்டுவிடுவேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

கரை முடிகிற இடத்தில், உபரித் தண்ணீர் வழியும் கலுங்கை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. இருநூறு அடி தூரம். அது கரையில் சேராது. போல்ட்டுதானே, கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கே மாட்டினால் மூன்று மணி நேர வேலை என்று விளக்கினேன். செல்லத்துரை என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"பிரிச்சா திரும்பச் சேராது தம்பி. இப்ப இது ஆளு. கழட்டிப் போட்டா என் கலப்பை, உன் கட்டிலுன்னு ஆயிரும். பொறகு எங்க தெரு இரும்பு வேற, அவுக தெரு இரும்பு வேற."

இதற்குக் கணக்கு நான் படிக்கவில்லை. அப்படியே தூக்குவதென்றால் எடை ஐந்நூறு கிலோவுக்குக் குறையாது. படுக்க வைத்தால் கணுக்கால் போல்ட் தாங்காது. நின்றபடியே தூக்க வேண்டும், நாலு பக்கமும் கயிறு, அடியில் நீளக் கம்புகள் வேண்டும் என்றேன். அந்த நீளத்துக்கு ஊரில் இருந்தவை கோயில் சப்பரம் தூக்கும் வாரைக் கம்புகள் மட்டுந்தான். அவற்றில் காலனி ஆட்கள் கைவைத்ததே கிடையாது. சாவி பாண்டியின் பெரியப்பாவிடம் இருந்தது. கேட்பதற்கு நீ போ, நீ போ என்று ஒருவரையொருவர் தள்ளினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது, மணி பதினொன்றரை ஆகிவிட்டது என்று சத்தம் போட்டேன். பெரியப்பா செல்லத்துரையைப் பார்த்தார்.

"நாலு கம்பு பத்துமா, அஞ்சும் வேணுமா?"

"அஞ்சையும் கொண்டாங்கண்ணே" என்றார் செல்லத்துரை.

முப்பத்திரண்டு பேர் போதும் என்று நான் கணக்குச் சொன்னேன். கம்புக்குக் கீழே அதற்கு மேல் தோள்கள் இருந்தன. எந்தத் தோள் எந்தத் தெரு என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. கயிறு பிடித்தது பெண்கள். இருளாயி கயிற்றைத் தளரவிட்ட ஆளை வைத வசவை இங்கே எழுத முடியாது. இருநூறு அடிக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஒரு போல்ட் கூட அசையவில்லை. பாறை வெடிப்பில் கால்களை இறக்கிக் கல் செருகி, ஒரு வீட்டில் மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து ஊற்றினோம். கரைப் பள்ளத்தைக் களிமண் போட்டுக் கெட்டித்தோம்.

ரோட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள், வருகிறவர்களுக்கு முகம் தெரியும் என்று அப்போது ஒரு யோசனை சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் தண்ணீரைப் பார்த்துத்தான் நின்றோம், இவனும் அப்படித்தான் நிற்பான் என்று முடித்துவிட்டார்கள்.

நாலேகாலுக்கு வந்த ஓவர்சியர் பள்ளம் இருந்த இடத்தில் நடந்தார், காலால் மிதித்தார், அட்டையில் எழுதினார். "கரையில ஒண்ணும் இல்ல" என்று வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். செல்லத்துரை அதுவரை பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பாண்டி என் தோளில் ஒரு குத்து விட்டான். "வாரேன்னு சொல்லிட்டு வந்து மானத்த வாங்கப் பாத்தியே மாப்ள" என்றான். கோழிக்குழம்பு ஆறிப் போயிருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தூண், கோபுரம் என்று எத்தனையோ பேர் மதுரையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். இப்போது வெளியூர் ஆள் யார் வந்தாலும் நான் இங்கேதான் கூட்டிப் போகிறேன். வேலைத்திறம் என்றால் என்னவென்று இருநூறு அடியில் காட்டிவிட முடிகிறது.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள், பத்துக்கு மேல் மண்பாதையில் வெயில் தாங்காது. திரும்ப சமயநல்லூரில் 5.20க்கு ஒரு வண்டி இருக்கிறது. தவறினால் ஏழு மணி வரை உட்கார வேண்டும். ஒருவருக்குச் செலவு ஆறு ரூபாய் தாண்டாது. குடிக்கத் தண்ணீர் யார் வீட்டில் கேட்டாலும் தருவார்கள். சிலையில் ஏறாதீர்கள், இருளாயி பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் பார்க்க வேண்டுமென்றால் ஆடிக்குள் போங்கள். கண்மாய் காய்ந்து கிடக்கும், உள்ளே இறங்கி எதிரே நின்று பார்க்கலாம். ஐப்பசிக்குப் பிறகு போனால் முதுகு மட்டும்தான் தெரியும். வந்தது வீண் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கண்மாய் நிறைந்திருக்கிறது, கரை நிற்கிறது.