இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு குடி

போடியில் நான் ஜீப்பு ஓட்டுகிறேன். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் என் பிழைப்பு. அன்று தமிழ்நாடு-கேரள எல்லையில் நிலம் அளக்கும் சோலிக்கு வண்டி கேட்டார்கள். பின்னால் எல்லைக்கற்களும் இரண்டு போலீசும், முன்னால் எங்கள் பக்கத்துச் சர்வேயர்.

மலைமேல் முதுவர் பழங்குடிகள் வாழும் குடிக்குப் போய்ச் சேர்ந்தால், கேரளத்து அதிகாரிகள் போலீசோடு முன்பே வந்து கல் ஊன்ற ஒரு குழி தோண்டியிருந்தார்கள். எங்களிடம் வெள்ளைக்காரன் காலத்து வரைபடம். அவர்களிடம் ராஜா காலத்தது. ஒன்றில் கோடு குடிக்கு மேலே போனது, மற்றதில் கீழே.

கேரளத்தில் பூப்பாறைப் பக்கம் வேலை பார்த்ததில் எனக்கு மலையாளம் வரும். அதனால் இரண்டு அதிகாரிகளும் என் வாய் வழியாகவே சண்டை போட்டார்கள். குரல் ஏற ஏறப் போலீஸ் நெருங்கி வந்தது. அதற்குள் குடி ஆட்கள் வந்து குழியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு பெண் குழிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்தாள்.

"எந்திரிக்கச் சொல்லுங்க பாய்," என்றார் எங்கள் சர்வேயர்.

அவளுக்குத் தமிழ் தெரியும்; ஆனாலும் நானே சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோடு மேல போனா, தேனெடுக்கப் போற எங்க ஆளுகளை அவங்க பிடிப்பாங்க. கீழ போனா நீங்க பிடிப்பீங்க. நாங்க எங்கிட்டுப் போறது? நீங்க தள்ளி நில்லுங்கண்ணே. அடிச்சா உங்க மேலயும் படும்."

கேரளத்துப் போலீஸ்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை வீறிட்டது. ஏலக்காட்டிலிருந்து அப்படியே வந்திருந்த ஆண்கள் அரிவாளோடு எழுந்தார்கள்.  நான் கேரளத்து அதிகாரியிடம் திரும்பி மலையாளத்தில், "சார், கையை எடுக்கச் சொல்லுங்க. குழந்தை இருக்கு," என்றேன்.

"என்ன சொன்னே? நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் சர்வேயர்.

"இது நான் சொன்னது சார்."

 அந்த அதிகாரி போலீஸ்காரரைப் பார்த்துக் கையசைத்தார். போலீஸ்காரர் பின்வாங்கினார்.

 முதலில் கிளம்பினால் தோற்றதாகிவிடும் என்று இரண்டு தரப்பும் நின்றன. மூடுபனி இறங்கி எதிராள் முகம் மறையத் தொடங்கியதும், இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கல்லைத் திரும்ப ஏற்றின.  சர்வேயர் ஆபீசிலிருந்து எனக்கு மறுபடி சவாரி வரவில்லை.

பிற்பாடு இரண்டு பக்கத்து அதிகாரிகளும் குடி ஆட்களோடு பேச்சுவார்த்தை வைத்தார்கள். எங்கள் நிலத்தை எங்கள் பேரில் எழுதுங்கள், அப்புறம் கல் ஊன்றலாம் என்று குடி ஆட்கள் ஒரே பிடியாகச் சொன்னார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. இப்போதும் அங்கே புது வண்டிச் சத்தம் கேட்டால், கல்தான் வருகிறதோ என்று கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் பாதைக்கு வந்து நிற்கிறார்கள்.